அடித்தகடு

கம்ப்ரசர் வெடித்து ஐந்து மாதம் போன பிறகுதான், புதிதாக ஒன்று வாங்கலாம் என்று பெயிண்டர் வாயைத் திறந்தார். அதுவரை அந்த வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. பட்டறை என்பது வீட்டின் பின்சுவரை ஒட்டி இறக்கிய தகரக் கொட்டகை. கம்ப்ரசர் நின்ற மூலையில் சிமெண்டுத் தரை பெயர்ந்து, உள்ளேயிருந்த ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் காற்று டேங்க் எகிறிப் போய் இடித்த இடத்தில் கூரைத் தகரம் மேல்நோக்கிப் புடைத்திருந்தது. இரண்டையும் சரிசெய்ய ஒரு நாள் போதும். ஆனால் யாரும் அந்த மூலைப்பக்கம் போகவில்லை.

கதவு, ஜன்னல், நாற்காலி என்று தச்சர்கள் கொண்டுவந்து இறக்குவதை மெருகேற்றித் திருப்பி அனுப்புவது பெயிண்டருக்கும் அவர் மனைவிக்கும் தொழில். ஆணிக்குழியையும் கீறலையும் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அவள் வேலை. முதலில் எண்பதாம் நம்பர், அப்புறம் நூற்றிருபது, இருநூற்றிருபது, கடைசியில் முந்நூற்றிருபது. தேய்த்து முடித்ததும் ஒரு பழைய நைலான் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு பலகையைத் தடவிப் பார்ப்பாள். ஒரு இழை சிக்கினாலும் மறுபடி தேய்ப்பாள். இருபத்தாறு வருடமாக இதையே செய்ததில் விரல்நுனி ரேகை மழுங்கிவிட்டது. தச்சர்கள் அவளை ‘உப்புத்தாள் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தேய்த்துக் கொடுத்த கதவின் மேல் பெயிண்டர் ஸ்பிரே கன்னைப் பிடித்தால், வாசலில் வந்து நிற்பவர்கள் அந்தக் கதவில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம்.

கம்ப்ரசர் போனபிறகு பெயிண்டர் பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். பிரஷ் வேலையில் கோடு விழும். “இருக்கட்டும், பரவால்ல” என்று சொன்ன தச்சர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கடைசியாக ஒருவர் வந்து, “பதினாறு கதவு இருக்கு. ஸ்பிரேன்னா உங்களுக்குத்தான். பிரஷ்னா மன்னிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுக் கையைத் துடைத்தபடியே பெயிண்டர் சொன்னார்: “நாளைக்குக் கடைக்குப் போவோம். பழைய சைஸ்தான். இருநூறு லிட்டர். அதுக்குக் குறைஞ்சா வேலைக்கு ஆகாது.”

“சரிங்க” என்றாள். பிறகு அவருடைய இடப்பக்கம் வந்து நின்று இன்னொரு முறை “சரிங்க” என்றாள். வலது காது அவருக்குக் கேட்காது. கம்ப்ரசரோடு போனது அதுவும்.

என்ன நடந்தது என்பதை ஊர் ஒரு விதமாகச் சொல்லும். அவளுக்குத் தெரிந்தது வேறு.

ஊர் சொல்வது இது: டேங்க்கின் கால் ஒன்று உடைந்து ஆடிக்கொண்டிருந்தது. அவளுடைய தம்பி வெல்டர். மாமா வீட்டு வேலை என்று ஓடிவந்து காலைப் பற்றவைத்துக் கொடுத்தான். அந்தச் சூட்டில் தகடு மெலிந்துபோய், எட்டு மாதம் கழித்து ஒரு காலைப்பொழுதில் வெடித்துவிட்டது. பெயிண்டர் பக்கத்தில் நின்று பிரஷர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உயிர் தப்பியதே பெரிய விஷயம்.

இதை முதலில் சொன்னவர் பெயிண்டர்தான், ஆஸ்பத்திரி வராண்டாவில். தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர், மூச்சிரைக்க ஓடிவந்த மச்சானைப் பார்த்து, “டேங்க்ல பத்தவைக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? நீயெல்லாம் ஒரு தொழில்காரனா? இனிமே என் மூஞ்சியில முழிக்காதே” என்றார். காது போன புதிது. தன் குரல் எவ்வளவு உயருகிறது என்று அவருக்கே தெரியவில்லை. வராண்டா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தம்பி அக்காவை ஒரு முறை பார்த்தான். அவள் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். அவன் அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

அவளுக்குத் தெரிந்தது இது: காற்றை அழுத்தி அடைத்தால் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராக டேங்க்கின் அடியில் தேங்கும். தினமும் வேலை முடிந்ததும் அடியில் இருக்கும் திருகைத் திறந்து அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இல்லையென்றால் உள்ளேயே துரு பிடிக்கும். கல்யாணமான புதிதிலிருந்து அது அவளுடைய பொறுப்பு. ஒரு நாள் தவறியதில்லை, மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கிய அந்த மூன்று மாதம் வரை. கொட்டகைக்கு அடுத்த அறையில்தான் குழந்தையைப் போட்டிருந்தார்கள். திருகைத் திறந்தால் ‘சர்ர்’ரென்று பீறிடும் சத்தத்துக்குக் குழந்தை தூக்கிவாரிப்போட்டு வீறிடும். அன்றைக்கு வேண்டாம், நாளைக்குத் திறக்கலாம் என்று விட்டாள். அடுத்த நாளும் விட்டாள். பிறகு ஒரு நாள் குழந்தை வெளியே போயிருந்த நேரம் பார்த்துத் திறக்கப் போனபோது திருகு இறுகிப்போய்த் திரும்பவில்லை. அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், ‘ஏன் இத்தனை நாள் திறக்கவில்லை’ என்பார். அதற்குப் பயந்து விட்டாள். மழைக்காலத்தில் ஸ்பிரே கன் தண்ணீர் துப்பியது. பூசிய இடம் வெள்ளையாகப் பூத்தது. அவர் தின்னரில் கலப்படம் என்று கடைக்காரனைத் திட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டு, பூத்த இடத்தை மறுபடி தேய்த்துக் கொடுத்தாள்.

வெடித்த டேங்க்கை அவள் பார்த்தாள். கால் இருந்த இடத்தில் தம்பி வைத்த பற்று அப்படியே இருந்தது. கிழிந்திருந்தது நடு அடிவயிற்றில். கிழிசலின் ஓரம் அட்டை போல மெலிந்து செம்பழுப்பாக உதிர்ந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு எடுத்துப்போகச் சொல்லிவிட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கம்ப்ரசர் கடையை நடத்துவது ஒரு அம்மாள். மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பெஞ்சில் இரைந்துகொண்டிருந்த மோட்டாருக்கு மேலே குரல் கொடுத்துப் பழகியவர். வந்தவர்களுக்கு முதலில் நாற்காலி போட்டார். பிறகு டாக்டர் மாதிரி கேட்டார்.

“என்ன வேலைக்குங்க?”

“கதவு, பர்னிச்சர். லாக்கர் பாலிஷ் அடிக்கறது.”

“கன் ஒண்ணா, ரெண்டா?”

“ஒண்ணுதான்.”

“ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?”

“வேலை இருந்தா நாலு மணி நேரம். இருநூறு லிட்டர் குடுங்க. அதுதான் இருந்துச்சு.”

கடைக்காரம்மா சிரித்தார். “எல்லாரும் டேங்க்கைத்தான் பாக்கறீங்க. டேங்க் வெறும் குடம்தாங்க. குழாய்ல தண்ணி சொட்டுச்சுன்னா குடம் பெரிசா இருந்து என்ன பிரயோஜனம்? மேல இருக்கற ஹெட் எவ்வளவு காத்து குடுக்குது, உங்க கன் எவ்வளவு குடிக்குது, அதைப் பாருங்க. இதோ, சின்னது. இது பஞ்சர் கடைக்கு. உங்க கன் இதைப் பத்து நிமிஷத்துல மூச்சுவாங்க வச்சிடும். அதோ வெள்ளையா நிக்குதே, அது எண்ணெய் இல்லாதது. சத்தமே வராது. பல் டாக்டருங்க வாங்குவாங்க, உங்களுக்குக் காத்து பத்தாது. பெல்ட் போட்ட இந்த நூத்தி முப்பது லிட்டர், ரெண்டு எச்.பி. இது சரியா இருக்கும். இல்ல, பெரிசுதான்னா பின்னால நிக்குது. போய்ப் பாருங்க.”

பெயிண்டர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். கடைக்காரம்மா அவளிடம் திரும்பினார்.

“பழசு என்னாச்சும்மா? விலை வருமா?”

“வெடிச்சிடுச்சு.”

கடைக்காரம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “ஒரு வெல்டர் தம்பி வந்து சொன்னாரே. நான் பத்தவச்ச டேங்க் வெடிச்சு எங்க மாமாவுக்குக் காது போச்சு, இனிமே டேங்க் வேலைக்கு என்னைக் கூப்பிடாதீங்கன்னு. அந்த வீடா?”

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

“நல்ல கைங்க அது. அன்னைக்கிலேருந்து நானும் கூப்பிடறதில்ல. அவர் கை பட்ட இடம் எல்லாத்துக்கும் போய்ச் சொல்லிட்டு வந்திருக்காராம், ஜாக்கிரதை ஜாக்கிரதைன்னு. எங்க கிழிஞ்சுது? கால் பக்கத்திலயா?”

“நடுவுல. அடியில.”

“கால்லேருந்து எவ்வளவு தூரம்?”

“ஒரு முழம் இருக்கும்.”

கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றினார். “அப்படின்னா அது வெல்டிங் இல்லையேம்மா. துரு. தண்ணி திறந்துவிடாம தேங்கி அரிச்சிருக்கு. அந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல.”

பெயிண்டர் கையைத் தட்டிக்கொண்டு வந்து அவளுக்கு இடப்பக்கம் நின்றார். கேட்காத காது இந்தப் பக்கம். அந்த அம்மாள் உதடு அசைந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

“என்ன சொல்றாங்க?”

அவள் அவரைச் சுற்றி வந்து, நல்ல காதில் சொன்னாள்: “கால் வெல்டிங்கைப் பார்த்து வாங்கணுமாம்.”

“பின்னே? பட்டவனுக்குத் தெரியாதா?” என்றார் பெயிண்டர்.

கடைக்காரம்மாவுக்கு அது காதில் விழுந்தது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவது போலவும் இல்லை, இரங்குவது போலவும் இல்லை. ஒரு சீட்டில் இரண்டு மாடல்களின் விவரத்தையும் எழுதிக் கொடுத்து, “யோசிச்சிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

பேருந்து நிறுத்தத்தில் வெயில் நெருப்பாகக் கொட்டியது. நாலைந்து பேர் நிழலுக்கு ஒதுங்கி நின்றார்கள். லாரியும் ஸ்கூட்டருமாகத் தெரு இரைந்துகொண்டிருந்தது. பெயிண்டர் சீட்டைப் படித்துக்கொண்டே, “இருநூறே எடுத்துடுவோம்” என்றார்.

கை பட்ட இடம் எல்லாத்துக்கும் போய்ச் சொல்லிட்டு வந்திருக்காராம். அந்த வார்த்தை அவளை நிற்கவிடவில்லை.

“என்னங்க, தப்பு என்மேல” என்றாள்.

“ஆங்?”

“தப்பு என்மேலங்க.”

“சத்தமா சொல்லு. லாரி போகுது.”

மெல்லச் சொல்லக்கூட வழியில்லாமல் போயிற்று. அவர் இடது தோளைப் பிடித்துக்கொண்டு, காதருகே வாயை வைத்து, நிழலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள். “தண்ணியை நான் திறந்து விடலைங்க. மூணு மாசம் விடலை. டேங்க் அடியில துருப்பிடிச்சு வெடிச்சுது. தம்பி வச்ச பத்து அப்படியே இருந்துச்சு. நான் என் கண்ணால பார்த்தேன்.”

அவர் சீட்டை நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

“பாப்பா இருந்தப்பவா?”

“ஆமாங்க. சத்தத்துக்கு அழுதுச்சு. அப்புறம் திருகு இறுகிப்போச்சு.”

“கன் தண்ணி துப்பினப்போ உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

பேருந்து வந்தது. அவர் ஏறி முன்னால் போய் நின்றார். அவள் பின்வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் பாதியில் நின்ற ஒரு ஜன்னலை எடுத்துப்போட்டு, பொழுது சாயும்வரை பிரஷ்ஷால் பூசினார். பூசிய இடத்திலேயே திரும்பத் திரும்பப் பூசினார். அவள் வைத்த சோறு ஆறிப்போயிற்று.

விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். “கிளம்பு. மச்சான் வீட்டுக்குப் போகணும்.”

“நான் மட்டும் போய்ச் சொல்லட்டுமா?”

“காது போனது உன்னாலன்னே வச்சுக்குவோம். வராண்டாவுல நின்னு கத்தினது நான்தானே. அதுக்கு நீ போய் என்ன சொல்வே?”

தம்பி பட்டறையில் ஒரு கேட்டுக்குக் கீல் ராவிக்கொண்டிருந்தான். மாமாவைக் கண்டதும் எழுந்தான். அரம் கையிலேயே இருந்தது. ஐந்து மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தான். உள்ளேயிருந்து அவன் மனைவி எட்டிப்பார்த்துவிட்டு ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தாள். யாரும் உட்காரவில்லை.

பெயிண்டர் சுற்றிவளைக்கவில்லை. “மச்சான், டேங்க் துருப்பிடிச்சு வெடிச்சிருக்கு. உன் வெல்டிங் இல்ல. நான் பார்க்காம, விசாரிக்காம, நாலு பேர் எதிர்ல உன்னை அசிங்கமாப் பேசிட்டேன். தப்புதான்.”

“பரவால்ல மாமா. விடுங்க” என்றான் தம்பி. ஆனால் கண் அக்கா மேலேயே இருந்தது.

“நான்தான் தண்ணி திறந்துவிடாம விட்டேன்” என்றாள் அவள். “அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

அவன் மறுபடி உட்கார்ந்து கீலை எடுத்து ராவினான். இரும்புத்தூள் காலில் உதிர்ந்தது. 

“ஒம்பது இடம்க்கா” என்றான், தலையைத் தூக்காமலே. “நான் கால் வச்சது, பிராக்கெட் வச்சது எல்லாம் ஒம்பது டேங்க். ஒவ்வொரு இடமாப் போய், ‘நான் பண்ணது வெடிச்சிடுச்சு, உங்களுதையும் ஓட்டாதீங்க’ன்னு சொன்னேன். ஒருத்தர் கதவைச் சாத்தினாரு. ஒருத்தர், போலீஸ்ல சொல்லட்டுமான்னாரு. ராத்தூக்கம் இல்ல. எவன் வீட்ல எது வெடிக்குமோன்னு.”

“தெரியாதுடா எனக்கு. நேத்துதான் கேள்விப்பட்டேன்.”

“தண்ணி விடாதது தப்பா? எல்லாரும் மறக்கறதுதான். அதை விடு. அன்னைக்கு மாமா கத்துறாரு. நான் உன்னைப் பார்த்தேன். நீ பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னே.”

அவளுக்குப் பதில் இருந்தது. புருஷன் தலையில் கட்டோடு இருந்தார், பயமாக இருந்தது, என்ன செய்வது என்று தெரியவில்லை.  அதில் ஒன்றையும் சொல்லவில்லை.

“ஆமா. நின்னேன்” என்றாள்.

“போக்கா. இப்ப என்னால பேச முடியல.”

பெயிண்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். தம்பி மனைவி வாசல்வரை வந்தாள். அவளிடம்தான் அந்த ஒன்பது இடங்களையும் கேட்டு, மருந்துச்சீட்டின் பின்புறம் எழுதி வாங்கிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினாள். முதல் இடம் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். “வெல்டர் இருக்காரே, அவரோட அக்கா நான். வெடிச்ச டேங்க் எங்க வீட்டுது. அவர் பேர்ல தப்பில்ல. நான் தண்ணி திறந்து விடாததால போச்சு” என்றாள். வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப்பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். ஆனாலும் குரல் நடுங்கியது.

“இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றார் அவர்.

“ஆமாங்க.”

“அப்ப என் டேங்க்கை ஓட்டலாமா?”

“தண்ணி திறந்து விடறீங்கல்ல?”

அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு டியூபை வைத்துவிட்டு எழுந்துபோய்த் திருகைத் திறந்தார். காப்பித்தண்ணி மாதிரி பழுப்பாக ஒரு வாளி வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாவது இடம் ஒரு கார் கழுவும் இடம். அங்கே இருந்தவர் காது கொடுத்துக் கேட்கவில்லை. மூன்றாவது இடத்தில் ஒரு தையல் மிஷின் ரிப்பேர்காரர், “கூடப்பிறந்தவன் பேர்ல பழியைப் போட்டுட்டு அஞ்சு மாசம் சோறு எப்படிம்மா இறங்குச்சு?” என்று கேட்டார்.  கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தலைக்கு மேல் வெள்ளம், சாண் என்ன முழம் என்ன என்று நினைத்துக்கொண்டாள். பெயிண்டர் கூட வருகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அந்த நாட்களில் அவர் கொட்டகையின் பெயர்ந்த தரையைக் கொத்தியெடுத்து, புதுச் சிமெண்டு போட்டு, தினம் தண்ணீர் தெளித்துக் கொண்டிருந்தார். பேச்சு மட்டும் குறைவு. “டீ இருக்கா?” “இருக்குங்க.” அவ்வளவுதான்.

நாலாம் நாள் ஐந்தாவது இடமான மர மில்லைத் தேடி அலைந்தாள். மரக்கடைகள் வரிசையாக இருக்கும் நீளமான தெரு. எழுதி வைத்திருந்த அடையாளம் எங்கேயும் தென்படவில்லை. மழை வேறு தூறத் தொடங்கியது. ஒரு கடையின் தகரத் தாழ்வாரத்தில் ஒதுங்கி, சீட்டு நனையாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். அப்போது ஒரு ஸ்கூட்டர் எதிரில் வந்து நின்றது.

தம்பி. தலையெல்லாம் நனைந்திருந்தது.

“பஞ்சர் கடைக்காரர் போன் பண்ணாரு” என்றான். “பழுப்புத் தண்ணி ஒரு வாளி வந்துச்சாமே.”

அவள் தலையாட்டினாள்.

“மரம் அறுக்கற மில்லு இந்தத் தெருவுல இல்ல. அந்தப் பக்கம். உனக்கு வழி தெரியாது, இங்கதான் அலைவேன்னு நினைச்சேன்.” என்ஜினை அணைக்காமல், முகத்தைத் திருப்பி மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு, “ஏறுக்கா” என்றான்.

 மில் வாசலில் அவன் வண்டியிலேயே இருந்தான். அவள் மட்டும் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த இடத்தில் அவனும் இறங்கினான். அதற்கடுத்த இடத்தில், அவள் சொல்லி முடித்ததும், “மறந்து போறதுதாங்க, யார் வீட்லயும் நடக்கும்” என்று அவனாகவே ஒரு வார்த்தை சேர்த்தான். எட்டாவது ஒரு சைக்கிள் கடை, அதையும் முடித்தார்கள். ஒன்பதாவது பெயர் கம்ப்ரசர் கடை.

அதற்குப் பெயிண்டரையும் அழைத்துக்கொண்டு மூன்று பேருமாகப் போனார்கள். கடைக்காரம்மாவிடம் அவள் மறுபடியும் அதையே சொன்னாள். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை. கடைக்காரம்மா கேட்டு முடித்துவிட்டு, தம்பியிடம், “ரெண்டு டேங்க்குக்குக் கால் வைக்கணும். எப்ப வர்றீங்க?” என்றார். அவன் கொஞ்சம் யோசித்தான். “புதன்கிழமை” என்றான்.

பிறகு வேலைக்கு வந்தார்கள். தம்பி முட்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு கம்ப்ரசரையும் அடிவயிற்றிலிருந்து பார்த்தான். கால் பற்றை விரலால் தடவினான். பெல்ட்டை அமுக்கினான். பெரியதை ஓடவிட்டுக் கேட்டான், சின்னதை ஓடவிட்டுக் கேட்டான். பெயிண்டர் இரண்டடி தள்ளியே நின்றார்.

“ஒரு கன்னுக்கு நூத்தி முப்பதே போதும் மாமா. இருநூறுன்னாலும் தப்பில்ல, ரெண்டும் நல்ல சரக்குதான். உங்க இஷ்டம்.”

“எனக்குப் பழைய சைஸ்தான் கைக்குப் பழக்கம்” என்றார் பெயிண்டர். ஆனாலும் பக்கத்தில் வரவில்லை.

தம்பி துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். “நீ சொல்லுக்கா. நாள் பூரா அது பக்கத்துல உக்காந்து தேய்க்கப்போறது நீதானே.”

இருபத்தாறு வருடத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கன் வாங்கும்போதும் கேட்கவில்லை, கொட்டகை போடும்போதும் கேட்கவில்லை. அவள் பெரியதைப் பார்த்தாள். அதன் உருண்ட பச்சை வயிற்றில் மூன்று பேருடைய உருவமும் வளைந்து தெரிந்தது.

“பெரிசு வேணாம்” என்றாள்.

“காத்து நிறைய இருக்குமேம்மா” என்றார் கடைக்காரம்மா.

“காத்துக்காக இல்லைங்க. எனக்குப் பயமா இருக்கு.”

சொன்ன பிறகுதான், இந்த ஐந்து மாதத்தில் அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. கடைக்குள் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் தானாக நின்று, சத்தம் அடங்கியது. பெயிண்டர் அவள் வலப்பக்கம் நின்றிருந்தார். நல்ல காது அவளை ஒட்டி இருந்தது.

“எனக்கும்தான்” என்றார்.

தம்பி மாமாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பிறகு சின்னதை ஒரு பக்கம் சாய்த்து, “இந்தப் பக்கம் பிடிங்க மாமா” என்றான். பெயிண்டர் வந்து பிடித்தார்.